துண்டில் விழுந்த நெல்

கலியமூர்த்தி மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தான். பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. சாயங்கால வெயில் அவன் முகத்தில் நேராக அடித்தது. இரண்டு கையாலும் துண்டை நெஞ்சோடு சேர்த்து அணைத்திருந்தான். துண்டுக்குள் நெல். நெல்லுக்கு மேலே மடிப்புக் கலையாத புது வேட்டி.

"எம்மா, எல்லாருக்கும் சோப்பு டப்பாவும் டம்ளரும்தான். எனக்கு மட்டும் தாளாளர் ஐயாவே எந்திரிச்சு வந்து குடுத்தாரும்மா!"

அறுத்து ஆறாத சம்பா நெல். அதன் வாசனை அவனுக்கு முன்னால் என்னிடம் வந்து சேர்ந்தது.

நான் மைதானத்தின் கோடியில் எங்கள் தெருக்காரர்களோடு நின்றிருந்தேன். பிள்ளை கிட்டே வர வர, என்னைச் சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து போனார்கள். தெருவுக்கு மூத்தவர் பெரியசாமி அண்ணன். அவர் மட்டும் துண்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு வேலியோரம் காறித் துப்பிவிட்டு நடந்தார்.

பிள்ளை சிரித்துக்கொண்டே நின்றான். என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. அவனை மேடையேற்றிய சாருக்கும் தெரியாது. அவர் அங்கே இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்.

இந்தப் பத்திரிகையில் இத்தனை வாரம் எழுதியும் இதை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மாரியம்மன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அஞ்சாவது வரை படித்தவள் நான். கோபம் வந்தால் எழுத்து கோணிக்கொள்ளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெரு விட்ட தொழில்

நீடாமங்கலத்தில் ரயிலைவிட்டு இறங்கி, வாய்க்கால் கரையோடு உள்ளே நடந்தால் எங்கள் ஊர். கண்ணுக்கு எட்டின வயலெல்லாம் ஒரே குடும்பத்துக்கு. உயர்நிலைப் பள்ளிக்கூடமும் அவர்கள் கட்டியதுதான். மிராசுதார்தான் தாளாளர். எங்கள் தெரு அவர் வயலில் சேறு மிதித்த தெரு.

பறையை நாங்கள் தப்பு என்போம். ஊரில் சாவு விழுந்தால் எங்கள் ஆண்கள் போய்த் தப்பு அடிக்க வேண்டும். காய்ச்சல், மழை, சொந்த வீட்டுக் கல்யாணம், எந்தச் சாக்கும் செல்லாது. அடித்து முடித்ததும் காரியக்காரர் வருவார். மிராசுதாரின் காரியங்களைப் பார்க்கிற ஆள் அவர்.

"துண்டை ஏந்துடா" என்பார்.

எட்டி நின்று, கை படாமல், உயரத்திலிருந்து நெல்லைக் கொட்டுவார்கள். அதன் மேல் ஒரு வேட்டி வந்து விழும். அதை வாங்கிக்கொண்டால் அடுத்த சாவுக்கும் வருகிறோம் என்று அர்த்தம். வேறு பேச்சே தேவையில்லை. ஊர் பார்க்கத் துண்டை ஏந்தினாயா, கட்டுப்பட்டாய்.

என் வீட்டுக்காரர் அந்த ஆட்களில் முன்னால் நிற்கிறவர். அவர் அடித்தால் செத்தவர் எந்திரித்து உட்கார்ந்து கேட்பார் என்று தெருவில் கேலி செய்வார்கள்.

சிவப்புக் கொடி எங்கள் தெருவுக்கு வந்த பிறகு கூலியை உயர்த்திக் கேட்டார்கள். கூடவே இன்னொரு முடிவும் எடுத்தார்கள். இனி யார் வீட்டுச் சாவுக்கும் தப்பு கிடையாது. துண்டு ஏந்துவது கிடையாது. ஆண்டை என்று கூப்பிடுவதும் கிடையாது. அன்றைக்கு எல்லாத் தப்பையும் மாரியம்மன் கோயில் வாசலில் குவித்தார்கள். என் வீட்டுக்காரர்தான் முதலில் தன்னுடைய தப்பின் தோலை அரிவாளால் கிழித்தார். அப்போது கலியமூர்த்தி என் இடுப்பில் இருந்த பிள்ளை.

நான் சாமி கும்பிடுகிறவள். அவரிடமே கேட்டேன்.

"ஊருக்கு வேண்டாம், சரி. ஆத்தாளுக்குமா வேண்டாம்? தப்பு சத்தம் கேக்காம அவ எப்படி இறங்கி வருவா?"

"ஆத்தாளுக்கு அடிக்கிறீங்களே, ஐயா வீட்டுக்கு அடிச்சா கை அழுகியா போயிடும்னு நாளைக்கே காரியக்காரன் வந்து நிப்பான் புள்ள. விட்டா மொத்தமா விடணும்."

"சாமி கோச்சுக்கும்."

"நம்ம சாமிதானே? நம்ம படுற பாடு அவளுக்குத் தெரியாதா?"

சாமியில் நம்பிக்கை இல்லாத மனுஷன் சொன்ன பதில் அது. அந்தப் பங்குனியில் கரகம் சத்தமில்லாமல் தெருவைச் சுற்றியது. பூசாரி கையில் மணி மட்டும் கிணுகிணுத்தது. எந்தப் பெண்ணுக்கும் அருள் வரவில்லை. ஆத்தாள் ஊமையாக வந்து ஊமையாகப் போனாள் என்று நினைத்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். வருஷா வருஷம் அப்படித்தான். நாங்கள் சாமியிடமிருந்தே பிடுங்கிக் கொடுத்த விலை அது.

அடுத்த சாவுக்குப் போக மறுத்ததற்காக என் வீட்டுக்காரரைத் தென்னை மரத்தில் கட்டி அடித்தார்கள். முதுகுத் தழும்பு கடைசிவரை போகவில்லை. இன்னொன்றும் தெருவில் சேர்ந்து பேசிக்கொண்டோம். பிள்ளைகளிடம் இந்தப் பேச்சே வேண்டாம், தப்பு என்றால் என்ன, துண்டு ஏந்துவது என்றால் என்ன என்று தெரியாமலே வளரட்டும் என்று.

அப்படியே வளர்ந்தார்கள்.

செல்லம்மா டீச்சர்

இளவழகன் சாரைப் பற்றிச் சொல்லும் முன்னால் செல்லம்மா டீச்சரைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வாத்தியார்கள் மேலேயே எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

எங்கள் தெருவை ஒட்டின ஆரம்பப் பள்ளியில் என் பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவர். நாகப்பட்டினத்துப் பக்கம் கடற்கரைக் குப்பத்துப் பெண். அப்பா, அண்ணன் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள்.

வகுப்பில் எந்தப் பிள்ளையையும் எழுப்பி, உங்கப்பா என்ன வேலை என்று அவர் கேட்டதில்லை. ஒருநாள் நான் காரணம் கேட்டேன்.

"நான் படிக்கிறப்ப என்னை எழுப்பி நிறுத்திக் கேட்டாங்கக்கா. மீன் பிடிக்கிறாங்கன்னு சொன்னேன். அன்னையிலேருந்து பக்கத்துல உக்காந்தவ மூக்கைப் பொத்திக்கிட்டா. அதுக்கு முன்னாடி அவ என் தட்டுல சாப்பிட்டவ. கேள்வி நல்ல கேள்விதான். கேட்ட இடம் சரியில்ல."

அவர் வீடு வீடாக வருவார். அடுப்படியில் குந்தி உட்கார்ந்து, நாங்கள் நண்டு பிடிப்பது எப்படி, நாற்றுக்கு நாள் பார்ப்பது எப்படி என்று கேட்பார். கடைசியில் ஒன்று கேட்பார்: "இதைப் புள்ளைங்ககிட்ட சொல்லலாமா?"

சொல்லலாம் என்றால் மறுநாள் அது கரும்பலகையில் கணக்காக வந்து நிற்கும். வேண்டாம் டீச்சர் என்றால் அதோடு விட்டுவிடுவார். ஏன் என்றுகூடக் கேட்கமாட்டார்.

அறுப்புக் காலத்தில் பிள்ளைகள் கதிர் பொறுக்கிவிட்டுத்தான் வரும். அவர்கள் வந்த பிறகுதான் பாடம். இன்ஸ்பெக்டர் வந்து சத்தம் போட்டால், "கடிகாரம் நின்னு போச்சுங்க சார்" என்று அப்பாவியாக நிற்பார். அவரை மாற்றல் செய்தபோது எங்கள் தெருப் பெண்கள் பஸ் வரைக்கும் போனோம்.

சந்திரனும் சாரும்

கலியமூர்த்தி எட்டாவது படிக்கும்போது தமிழ் ஐயாவாக இளவழகன் சார் வந்தார். சின்ன வயசு. வீட்டில் வைத்த பேர் வேறு, தமிழ்ப்பற்றில் மாற்றிக்கொண்டாராம். ஆளுங்கட்சி மேடைகளில் பேசுவார். குரல் அப்படியே கணீரென்று வரும்.

கெட்டவர் இல்லை. இதை நான் அழுத்தி எழுதுகிறேன். கடைசி பெஞ்சியில் கிடந்த எங்கள் பிள்ளைகளை முன் பெஞ்சிக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். எங்கள் வீட்டுக்கு வந்து, சொம்பில் வாய் வைத்துக் குடித்தார். தெருவே வாசலில் நின்று பார்த்தது. கலியமூர்த்தி அவருக்காக உயிரை விடுவான்.

சந்திரனில் மனுஷன் கால் வைத்த புதுசு அது. என் பிள்ளைக்கு அதே பைத்தியம். டீக்கடைப் பேப்பரில் கிடைத்ததையெல்லாம் மனப்பாடம் பண்ணிவைத்திருந்தான். அங்கே கல்லைத் தூக்கினால் கனக்காதாம். தூசியில் கால் பட்டால் தடம் அழியவே அழியாதாம். ஆண்டு விழாவில் பேச வேண்டும் என்று எருமையை மேய்த்துக்கொண்டே பேசிப் பழகினான்.

அவன் அப்பா அப்போது திருச்சி ஜெயிலில். அந்தத் தை அறுப்புக்கு வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார்கள். எங்கள் ஆட்கள் வரப்பில் நின்று மறித்தார்கள். ஆட்சி மாறிப்போச்சு, நம்ம ஆளுங்க வந்தாச்சு என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. எங்களைத் தேடி வந்த போலீஸ் வண்டி மட்டும் பழைய வண்டிதான்.

ஒருநாள் பிள்ளை பாதிச் சந்தோஷத்தோடும் பாதி அழுகையோடும் வந்தான்.

"எம்மா, சந்திரனைப் பத்திக் கணக்குப்பிள்ளை மவன் பேசுறானாம். நான் வேற செய்யணுமாம்."

"வேற என்ன?"

"பறை அடிக்கணுமாம். நிலாவைப் பத்தி யார் வேணா பேசலாம், உன்னால மட்டும்தான் முடியிற ஒண்ணு இருக்குடான்னு சொன்னாரு சார்."

கையிலிருந்த முறத்தை நான் கீழே வைத்துவிட்டேன்.

விழாவுக்கு சார் வைத்த திட்டம் அது. பாடப் புத்தகத்தில் எங்கோ இருக்கிறவர்களைப் பற்றியே படிக்கிறார்கள், பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கலையை, தங்கள் மரபைக் கொண்டுவந்து மேடையில் வைக்கட்டும் என்றார். அக்கிரகாரத்துப் பெண்கள் கோலாட்டம். எங்கள் பிள்ளைக்குப் பறை. கேட்டால் நல்ல யோசனை. யாரையும் கேட்கவில்லை என்பதுதான் ஒரே குறை.

பாய் கடையில்

மளிகை வாங்கப் போனபோது ஜமால் பாய் சிரித்தார்.

"எம் மவனையும் கூப்புட்டாரும்மா. தொப்பி போட்டுக்கிட்டு, எங்க ஆளுங்க தப்ஸ் கொட்டைத் தட்டி, மார்க்கப் பாட்டுப் பாடணுமாம். அவனுக்கு சினிமாப் பாட்டைத் தவிர ஒரு எழவும் தெரியாது. வேணும்னா கடை ரேடியோவைத் தர்றேன், அதுக்குத் தொப்பி போட்டு மேடையில வைங்க சார்னுட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. விட்டுட்டாரு. நீயும் போய் முடியாதுன்னு சொல்லு. மனுசன் கேப்பாரு."

நம்பிப் போனேன். பக்கத்து ஊர்க் களத்தில் கதிர் அடித்துவிட்டு, தலையெல்லாம் வைக்கோல் தூசியோடு பள்ளிக்கூட வராந்தாவில் நின்றேன். சார் உடனே எழுந்து வந்தார்.

"வாங்கம்மா, உக்காருங்க."

"நிக்கிறேன் சார். அந்தத் தப்பு வேண்டாம் சார். புள்ள சந்திரனைப் பத்தி நல்லாப் பேசுவான்."

"அம்மா, அது உங்க பெருமை. ஆதித் தமிழனோட இசை. அதைக் கேவலம்னு உங்களையே நம்ப வெச்சுட்டாங்க பாருங்க, அதைத்தான் நான் உடைக்கணும்கிறேன்."

"கேவலம்னு நான் சொல்லல சார். எங்க ஆத்தாளுக்கு அடிச்சதுதான் அது. அதையே விட்டிருக்கோம்."

"அதான், ஏன் விடணும்? மிராசுதார் முன்னாடியே மேடையில ஏறி அடிக்கட்டும். அவர் கீழே, உங்க பையன் மேலே. இதைவிடப் பெரிய புரட்சி உண்டா?"

"பெருமைன்னா நீங்க அடிங்க சார்."

அவர் சத்தமாகச் சிரித்தார். "எனக்கு வராதேம்மா!"

"எம் புள்ளைக்கும் வராது சார். அவன் தப்பைத் தொட்டதே இல்ல."

"அவனுக்கு ரத்தத்துல இருக்கும்மா. கையில எடுத்தாத் தானா வரும்."

பாய் மறுத்தால் சிரித்துவிட்டு விடுகிறார். நான் மறுத்தால் எனக்கு விளங்கவில்லை என்று பாடம் நடத்துகிறார். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அதுதான் ஆறவில்லை.

வெறுங்கை

சார் விடவில்லை. எங்கள் தெருவுக்கே வந்து, கோயில் வாசலில் பெரியவர்களை உட்காரவைத்துப் பேசினார். நிகழ்ச்சி நிரலில் பேர் அச்சடித்தாகிவிட்டது என்றார். பிள்ளையின் படிப்புக்கு அது நல்லது என்றார். ஜெயிலில் இருக்கிறவன் மகன் என்று பள்ளிக்கூடத்தில் சிலர் அவனை வெளியே அனுப்பப் பார்ப்பதாகவும், தான்தான் தடுத்து வைத்திருப்பதாகவும் சொன்னார்.

பெரியசாமி அண்ணன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணு கேக்குறேன் சார். அடிச்சு முடிச்சதும் என்ன?"

"என்னன்னா? கை தட்டுவாங்க."

"கூலி?"

"ஐயா, இது பள்ளிக்கூடம். கூலி ஏது?"

"அப்ப சரி. வெறுங்கையோட போயி வெறுங்கையோட வரணும். எதையும் வாங்கக் கூடாது. அதுக்கு நீங்க ஜவாப்தாரி."

"என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன்" என்றார் சார்.

என்னிடம் அண்ணன் தனியாகச் சொன்னார்: "தங்கச்சி, ஒம் புருசன் ஜெயில்ல இருக்கான். அவன் விட்டதை அவன் புள்ள கையால திரும்ப வாங்க வெச்சுட்டா, நாம அத்தனை பேரும் பழைய இடத்துக்கே போயிடுவோம். பாத்துக்க."

கூலி வாங்கக் கூடாதுடா என்று பிள்ளையிடம் சொன்னேன். சரிம்மா என்றான். ஏன் என்று அவனும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லாமல் வளர்ப்பது என்றுதானே எல்லோரும் பேசிவைத்திருந்தோம்.

மேடை

எங்கள் தெருவில் தப்பே இல்லாததால், சார் வேறு ஊரிலிருந்து ஒன்று இரவல் வாங்கி வந்தார். மாசி மாதம். முன் வரிசையில் மிராசுதார் உட்கார்ந்திருந்தார். மல்லிகை மாலை, சந்தனம். அவர் காலடியில் வாயைக் கட்டின ஒரு சாக்கு. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

கணக்குப்பிள்ளை மகன் சந்திரனைப் பற்றிப் பேசினான். நடுவில் மறந்துபோய் விழித்தான். மேடைக்குப் பக்கத்தில் தப்போடு நின்ற கலியமூர்த்தி அவனுக்கு அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தது எனக்குத் தெரிந்தது.

பிறகு இவனைக் கூப்பிட்டார்கள். ஆதித் தமிழனின் போர்முழக்கம் என்று சார் மைக்கில் சொன்னார். பிள்ளை தப்பை எப்படித் தோளில் மாட்டுவது என்றே தெரியாமல் தடுமாறினான். குச்சியை மாற்றிப் பிடித்திருந்தான். அடித்தான். தகரத்தில் கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. சனங்கள் சிரித்தார்கள்.

"அப்பன் உள்ள இருக்கான்ல, யாரு சொல்லிக்குடுப்பா?" என்று முன்வரிசைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். இன்னும் பெரிய சிரிப்பு.

பிள்ளை நிறுத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான். முடித்தபோது மிராசுதார் எழுந்தார். மேடையேறினார். காரியக்காரர் சாக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

"துண்டை விரிச்சுப் பிடி தம்பி. ஐயா பரிசு தர்றாங்க" என்றார் காரியக்காரர்.

இந்த ஒரு நாள் மட்டும் 'டா' இல்லை. தம்பி.

பரிசு என்றுதான் பிள்ளை காதில் விழுந்தது. கூலி இல்லையே என்று நினைத்திருப்பான். தோள் துண்டை எடுத்து விரித்தான். அவர்கள் எட்டி நின்றார்கள். உயரத்திலிருந்து நெல் கொட்டியது. அதன் மேல் வேட்டி விழுந்தது. சார் மைக்கைப் பிடித்து, "உழவன் மகனுக்கு நெல்லால் மரியாதை!" என்று கூவினார். மைதானமே கை தட்டியது.

நான் "வேண்டாம்டா" என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை.

காரியக்காரர் வந்தார்

அந்தத் துண்டை அப்படியே முடிந்து மூலையில் வைத்தேன். அவர் இல்லாததால் அந்த ஒரு வாரத்திலேயே அடுப்பு மூட்டாத நாளும் உண்டு. பிள்ளை, "எம்மா, பரிசு நெல்லு இருக்கே" என்பான். எலி கடித்திருக்கும், விதைக்கு ஆகும் என்று ஏதாவது சொல்லி மழுப்புவேன்.

மாசி முடியவில்லை. மிராசுதாரின் பெரியம்மா செத்துப்போனாள். காலையில் காரியக்காரர் எங்கள் தெருமுனையில் வந்து நின்றார்.

"நாலு ஆளு தப்பு எடுத்துக்கிட்டு வாங்கடா."

"அதை விட்டு எத்தனையோ வருசம் ஆச்சுங்க" என்றார் பெரியசாமி அண்ணன்.

"விட்டீங்களா? போன வாரம் ஊர் பார்க்கத் துண்டேந்தி நெல்லும் வேட்டியும் வாங்கினது யாரு தெரு? வெட்டி வீராப்புப் பேசுனவன் மவன்தானே வாங்குனான்? வாங்குனா வந்தாகணும். புதுசா சொல்லித் தரணுமா?"

எல்லோரும் என் வீட்டைப் பார்த்தார்கள். திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. வாங்கின கைதான் கொடுக்க வேண்டும் என்றார் அண்ணன். இல்லாவிட்டால் செல்லாது.

அன்றைக்குத்தான் பிள்ளையை உட்காரவைத்துச் சொன்னேன். தப்பு, துண்டு, தென்னை மரம், அப்பாவின் முதுகு, எல்லாம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"எம்மா, இது சாருக்குத் தெரியுமா?"

"தெரியாதுய்யா."

"தாளாளருக்கு?"

"தெரியும்."

"அங்க கை தட்டுனவங்களுக்கு?"

அவனே எழுந்து துண்டை எடுத்தான். ஆண்களோடு போய், பெரிய வீட்டு வாசலில் நெல்லையும் வேட்டியையும் வைத்துவிட்டு, ஒரு பேச்சும் பேசாமல் திரும்பினான். சாவு வீட்டு வாசலில் போய் இப்படிச் செய்யவேண்டியிருந்ததே! தாயே, மன்னித்துக்கொள் என்றுதான் கும்பிட்டேன். ஆனால் அந்த நாளைக் குறித்தவர்கள் நாங்கள் இல்லை.

அந்த வாரமே பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கினார்கள். துக்க வீட்டில் தாளாளரை அவமானப்படுத்தினானாம்.

இளவழகன் சார் ஒரு தடவை வந்தார். சைக்கிளைவிட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார்.

"அந்தத் துண்டுக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா."

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனே சார்."

"பறையைப் பத்தி நான் நிறையப் படிச்சிருக்கேன்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கட்சியில் சொல்லி வேறு பள்ளிக்கூடத்தில், விடுதியோடு இடம் வாங்கித் தருவதாகச் சொன்னார். கலியமூர்த்தி உள்ளே இருந்தான். அவர் குரல் கேட்டும் வெளியே வரவில்லை. போன சார் போனவர்தான். வாத்தியார் வேலையை விட்டுவிட்டுப் பெரிய ஆளாகிவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஒரு மேடையில், மிராசுதாருக்கு எதிரே முதன்முதலில் ஒரு மாணவனைப் பறை அடிக்கவைத்தவன் நான் என்று பேசினாராம். அந்த மாணவன் பேரைச் சொன்னாரா என்று கேட்டேன். சொல்லவில்லையாம்.

ஆனி மாதம்

ஆற்றில் தண்ணீர் வந்த சமயம் என் வீட்டுக்காரரை விட்டார்கள். இளைத்துப்போய், தாடியோடு வந்தார். சேதி எல்லாம் அவருக்கு ஜெயிலுக்கே போய்ச் சேர்ந்திருந்தது. பிள்ளை அவர் முன்னால் போய் நிற்கவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். அடிப்பாரோ என்று நான் நடுவில் போய் நின்றேன்.

"ஏன்டா, மேடையில ஏறி அடிச்சியாமே? எப்படி விழுந்துச்சு அடி?"

"விழலப்பா. எல்லாரும் சிரிச்சாங்க."

"குச்சியை எப்படிப் புடிச்ச?"

பிள்ளை கையை நீட்டிக் காட்டினான். அவர் பார்த்தார். சிரித்தார். ஜெயிலிலிருந்து வந்த பிறகு முதல் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ஒனக்கு ஒண்ணுமே தெரியலடா. அது போதும் எனக்கு. ஒனக்கு வரக் கூடாதுன்னுதான் அவ்வளவு அடியும் வாங்குனேன்."

"சரிப்பா" என்றான் கலியமூர்த்தி. சுவரைவிட்டு நகர்ந்து வந்து கேட்டான்: "பள்ளிக்கூடமும் இல்ல. இப்ப நான் என்னப்பா பண்றது?"

அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஊரெல்லாம் சிவப்புக் கொடி மேடையில் பேசின மனுஷன் தாடியைச் சொறிந்துகொண்டிருந்தார்.

விடிந்ததும் மிராசுதார் வயலில் குறுவைக்கு நாற்றுப் பறிக்க ஆள் கூப்பிட்டார்கள். நான் கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு திரும்பினால், கலியமூர்த்தி பள்ளிக்கூடத்துக் கால்சட்டையை மடித்து வைத்துவிட்டு, அப்பாவின் பழைய கைலியைத் தொடைக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான். எனக்கு முன்னால் நடந்தான். வரப்பில் காரியக்காரர் குடையோடு நின்றிருந்தார். அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இறங்குடா" என்றார். பிள்ளை இறங்கினான்.